வெயிலின் மேல் பழி போடாதீர்கள்!

கோடை பிறந்ததும் அரசாங்கம் ஒட்டுகிற சுவரொட்டிகளைத் தோழர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை வெளியே போகாதீர்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். மெல்லிய பருத்தி ஆடை உடுத்துங்கள். குடை பிடித்துச் செல்லுங்கள்.

நல்ல புத்திமதிதான். ஆனால் யாருக்கு? பகல் ஒரு மணிக்குக் கன்டெய்னர் லாரிக்குள் நின்று பெட்டி இறக்குகிறவனுக்கா? புதிதாக எழும்புகிற ஷெட்டின் மேல் தளத்தில் கம்பி கட்டுகிறவனுக்கா? கலவை சுமக்கிற சித்தாளுக்கா? அவர்கள் பன்னிரண்டு மணிக்கு வேலையை விட்டு நிழலுக்குப் போனால் மறுநாள் கான்ட்ராக்டர் வேறு ஆளைக் கூட்டி வந்துவிடுவான். வேலை வாங்குகிறவனுக்குச் சொல்ல வேண்டியதை வேலை செய்கிறவனிடம் சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததென்று கைகழுவுகிறார்கள். ஒரு மோர்ப் பந்தல் திறந்து படம் எடுத்துக்கொண்டால் மிச்சக் கடமையும் தீர்ந்துவிடும்.

நாம் எங்கே இருந்து பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுவோம். சென்னைக்கு வடக்கே, தடாவை ஒட்டி, சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களின் மண்ணில் எழுந்திருக்கிறது ஸ்ரீ சிட்டி. நேற்றுவரை சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்ததிலிருந்து திருப்பதி மாவட்டம். 1960-ல் எல்லைக்கோட்டை மாற்றியபோது பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காக்களின் பல ஊர்கள் ஆந்திராவின் பக்கம் போயின. கோடு நகர்ந்தது, பேச்சு நகரவில்லை. அதனால்தான் தெலுங்கு தெரியாமல் பஸ் ஏறி வந்த நம் பிள்ளைகளும் இங்கே பிழைக்க முடிகிறது. இசுசு வண்டியும் மெட்ரோ ரயில் பெட்டியும் சாக்லேட்டும் இங்கே தயாராகின்றன. டைக்கின், புளூ ஸ்டார் ஏர்கண்டிஷனர்களும் இங்கிருந்து போகின்றன. ஊருக்கெல்லாம் குளிர்ச்சியைப் பெட்டி பெட்டியாக ஏற்றி அனுப்புகிற இடம் இது! (இந்த ஆலை, அந்த ஆலை என்று எவரையும் சுட்டி நாம் பேசவில்லை. கேள்வி ஓர் ஆலையைப் பற்றியது அல்ல, வேலை வாங்கும் முறையைப் பற்றியது.)

சென்ற கோடையில் நம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒரு கிடங்கில் லோடு வேலைக்குச் சேர்ந்தான். கான்ட்ராக்ட் வேலை. மூன்றாம் நாள், பிற்பகல் இரண்டரை மணி. முதலில் அவன் பேச்சு குழறியது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான். "காலையிலேயே போட்டுக்கிட்டு வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டு சூபர்வைசர் அவனை ஒரு மூலையில் உட்கார வைக்கச் சொன்னார். சாராய வாடையே அறியாத பையன் அவன். கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்தது. கூட வேலை செய்த ஒரு பீகார்த் தோழர்தான் சட்டையைக் கிழித்துவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார். பையன் பிழைத்துக்கொண்டான். வேலை பிழைக்கவில்லை. "உடம்பில் தெம்பு இல்லாத ஆளையெல்லாம் அனுப்பாதீங்க" என்று அவனைச் சேர்த்துவிட்ட மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

தெம்பில்லையாம்! கிராமத்தில் கரும்பு வெட்டி வளர்ந்த பிள்ளைக்குத் தெம்பில்லையாம்! இந்த ஒரு வார்த்தையை உடைக்கத்தான் இந்தக் கட்டுரை.

உடம்பு என்பது என்ன? அதுவும் ஓர் இயந்திரம். தசை செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கோ, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்கோதான் வேலையாகிறது. மிச்சமெல்லாம் சூடு. ஆகவே சுமை தூக்குகிறவனுக்கு இரண்டு அடுப்பு. ஒன்று வானத்தில், இன்னொன்று அவனுக்குள்ளேயே. உள்ளே எரிகிற அடுப்பை வேர்வை உலர்ந்துதான் தணிக்க வேண்டும். வேர்வை வழிந்து தரையில் சொட்டினால் பயனில்லை, தோலின் மேல் உலர வேண்டும். அது உலராமல் போனால், கடும் வேலையில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று உடம்பின் உள்சூடு ஏறக்கூடும். இயல்பு 37 டிகிரி. 40-ஐத் தாண்டினால் மூளை தடுமாறும், பேச்சு குழறும், வலிப்பு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம்கூட வேண்டாம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? வெயில் பாதிக் காரணம்தான். மறு பாதி வேலையின் வேகம். வெயில் யார் கையிலும் இல்லை. வேகம் யார் கையில் இருக்கிறது?

நம் அப்பன் பாட்டன் வெயிலில் உழைக்கவில்லையா என்று கேட்கிறார்கள். உழைத்தார்கள். விடியுமுன் ஏர் பூட்டி, வெயில் ஏறினதும் அவிழ்த்து, மரத்தடியில் படுத்து, வெயில் தாழ மறுபடி இறங்கினார்கள். மூச்சு வாங்கினால் மண்வெட்டியை ஊன்றி நின்றார்கள். உடம்பே "மெதுவாப் போ" என்று சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்கிற உரிமை அவர்களிடம் கொஞ்சமாவது இருந்தது. (பண்ணையாளின் கதை வேறு. அவன் முதுகில் சவுக்கு இருந்தது என்பதை மறந்துவிட்டு நாம் பழம்பெருமை பேசவில்லை.) இன்றைக்கு அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டது எது? டார்கெட். ஒரு ஷிப்டுக்கு இத்தனை பெட்டி, இத்தனை லாரி. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவனுக்கோ நின்றால் கூலி நின்றது. உடம்பு மெதுவாகப் போகச் சொல்கிறது, வயிறு ஓடு என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள்.

"உனக்கு முடியலைன்னா நீயே உட்காந்துக்கோ, யார் வேண்டாம்னாங்க?" என்று சூபர்வைசர் சொல்லுவார். கேட்க இனிமையாக இருக்கிறது. உட்கார்ந்த பத்து நிமிடத்துக்குக் கூலி உண்டா, டார்கெட் குறையுமா என்று திருப்பிக் கேளுங்கள், குரல் மாறிவிடும். கூலி இல்லாத ஓய்வை ஓய்வு என்று சொல்வது ஏமாற்று.

இன்னொரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது: "உங்களுக்கெல்லாம் வெயில் பழக்கந்தானே." பழக்கம் என்பது மெய்தான், அதை மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது பிறவியில் வருவதில்லை. வெப்பத்தில் வேலை செய்யச் செய்ய, ஒரு வாரம் இரண்டு வாரத்தில் உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. வேர்வை சீக்கிரம் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது, இதயத்தின் படபடப்பு அடங்குகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்க முதலாளிகள் இதை ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். இரக்கத்தால் அல்ல. 1920-களில் கறுப்பினத் தொழிலாளிகள் புழுக்கமான ஆழத்தில் சுருண்டு விழுந்து செத்தபோது உற்பத்தி கெட்டது, ஆகவே புது ஆட்களைப் படிப்படியாகப் பழக்கி இறக்கினார்கள். நிறவெறி பிடித்த சுரங்க முதலாளிக்குப் புரிந்த கணக்கு நம் ஊர் கான்ட்ராக்டருக்குப் புரியாதா?

அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு வகுத்திருக்கிறது. புது ஆளுக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே வெப்பத்தில் வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டிக்கொண்டே போகலாம். பழைய ஆள் லீவு முடிந்து திரும்பினால் முதல் நாள் பாதி, மறுநாள் நூற்றுக்கு 60, பிறகு 80, நாலாம் நாள் முழு வேலை. வெளியிடங்களில் வெப்பத்தால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கு வந்த முதல் சில நாட்களில்தான் சாகிறார்கள் என்று அந்நாட்டு அரசே சொல்கிறது. நம் பையன் விழுந்தது எத்தனையாம் நாள்? மூன்றாம் நாள். இங்கே என்ன நடக்கிறது? மே மாதம் ஊரிலிருந்து வருகிறவனை இறங்கின மறுநாளே முழு ஷிப்டில் தள்ளுகிறார்கள். கோயில் கொடைக்கு, தங்கை கல்யாணத்துக்கு என்று இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தவனிடம் போன நாளுக்கும் சேர்த்து வேலை வாங்குகிறார்கள். உடம்பு பழக்கத்தை இழந்து வந்திருக்கும் என்பதை யார் நினைக்கிறார்கள்?

"இங்கே என்ன அப்படி வெயில்? உள்ளே போய்ப் பாருங்க, 44 டிகிரி அடிக்குது. இங்கே 38-தானே" என்று ஒரு வாதம். இதுதான் எல்லாவற்றிலும் தந்திரமான வாதம், கொஞ்சம் விளக்கமாகவே பார்த்துவிடுவோம். நமக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வேர்வை உலராது, சட்டை பிழியப் பிழிய நனையும். அதனால்தான் அறிவாளிகள் வெறும் வெப்பமானியை நம்புவதில்லை. 1950-களில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் பயிற்சியில் வெப்பத்தால் சுருண்டு விழுந்தபோது ஓர் அளவு வகுத்தார்கள். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டுகிற எண்ணுக்குப் பத்தில் ஏழு பங்கு மதிப்பு, வெயிலையும் சுற்றியுள்ள சூட்டையும் வாங்குகிற கறுப்புக் குண்டுக்கு இரண்டு பங்கு, சாதாரண வெப்பமானிக்கு ஒரே பங்கு. ரேடியோவும் டி.வி.யும் சொல்லுகிற டிகிரிக்கு மதிப்பு பத்தில் ஒன்றுதான்! இந்தக் கணக்குப்படி பார்த்தால், ஈரக்காற்று கனத்த 36 டிகிரி நாளில் நமது வெயில் கூட்டளவு 33-ஐத் தொட்டுவிடும். வறண்ட ஊரின் 42-ஐவிட அது மோசமாக இருக்கக்கூடும். தகரக் கூரை ஷெட்டுக்குள், சூடான இயந்திரத்துக்கும் சூடான கூரைக்கும் நடுவில், வெயிலே படாமல் வேகலாம்.

அப்படிப்பட்ட நாளில் வானிலை இலாகா "வெப்ப அலை" என்று அறிவிக்காமலும் போகலாம், ஏனென்றால் அவர்கள் கணக்கு முதன்மையாக வெப்பமானியை வைத்துத்தான். 2015 மே மாதத்து வெப்ப அலையில் ஆந்திராவில் செத்தவர்கள் அரசாங்கக் கணக்கிலேயே ஆயிரத்தைத் தாண்டினார்கள். அறிவிக்காத நாட்களில் விழுந்தவர்கள் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்? "சொந்த உடல்நலக் குறைவு" என்று எழுதி மூடப்படுகிற கணக்கில்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். கடும் வெப்பத்தில் உழைக்கிறவர் கால் மணிக்கு அல்லது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும் என்பது ஒப்புக்கொண்ட அளவு. தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். நீராகாரம், உப்புப் போட்ட மோர் எல்லாம் நல்லதே. நம் தாய்மார்கள் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் குடித்த தண்ணீர் வெளியே போக வேண்டாமா? கக்கூசுக்குப் போக டோக்கன் கேட்கிற இடத்தில், நிமிடக் கணக்குப் பார்க்கிற இடத்தில், கட்டட வேலையில் கக்கூசே இல்லாத இடத்தில், நம் பெண்கள் காலையிலிருந்து நாக்கை நனைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். நீர்க்கடுப்போடு வீடு திரும்புகிறார்கள். அவர்களிடம் போய் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சுவரொட்டி காட்டுவது எவ்வளவு பெரிய கொடுமை! சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியை வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் பிள்ளை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் நம் சகோதரிகள் கொடுத்துக்கொண்டிருக்கிற விலை இது. வரிசையில் நின்றபடி எட்டு மணி நேரம் வேலை செய்கிற பெண்ணுக்கு இதை யார் சொன்னார்கள்?

ஓய்வு கொடுத்தால் உற்பத்தி படுத்துவிடும் என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. எல் சால்வடாரில் கரும்பு வெட்டும் தொழிலாளிகளின் சிறுநீரகங்கள் இளம் வயதிலேயே கெட்டுக்கொண்டிருந்தன. அங்கே நிழல், தண்ணீர், நேரம் குறித்த ஓய்வு மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். வெட்டின கரும்பு குறையவில்லை, கூடிற்று!

கத்தாரில் 2021-லிருந்து ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 10 மணியிலிருந்து மூன்றரை மணி வரை வெட்டவெளி வேலை கூடாது. மேலே சொன்ன கூட்டளவு 32.1-ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். சிங்கப்பூரில் 2023 அக்டோபரிலிருந்து, கூட்டளவு 32-ஐத் தொட்டால் கடும் வேலை செய்கிறவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது ஓய்வு கொடுத்தே தீரவேண்டும், 33 ஆனால் கால் மணி. கத்தார் தொழிலாளியின் சொர்க்கம் என்று நாம் சொல்ல மாட்டோம். அங்கே போய்ப் பெட்டியில் திரும்பி வந்தவர்களின் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அந்தச் சாவுகளைக் கண்டு உலகம் கேள்வி கேட்ட பிறகே அந்த விதியும் இறுகியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கேரளத்தைப் பாருங்கள். கோடைதோறும் அங்கே தொழிலாளர் இலாகா வேலை நேரத்தை மாற்றி, வெயிலில் நிற்கிறவர்களுக்குப் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஓய்வு என்று உத்தரவு போடுகிறது. அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் மணிக்குப் பத்து நிமிடம் உட்காருகிறான், தம்பி ஸ்ரீ சிட்டியில் உட்கார்ந்தால் சோம்பேறி. ஒரே தாய் பெற்ற இரண்டு உடம்புக்கு இரண்டு விதமான ரத்தமா?

ஆந்திர அரசு என்ன செய்தது? 2025 ஜூனில் அமைச்சரவை கூடி, ஆலைகளில் நாளொன்றுக்கு வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த முடிவெடுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு இடைவேளை என்றிருந்ததை ஆறு மணி நேரம் என்று நீட்டியது. மூன்று மாதத்துக்கு 75 மணி என்றிருந்த ஓவர்டைமை 144 ஆக்கியது. முதலீடு வருமாம். வரட்டும். ஆனால் ஆறு மணி நேரம் இடைவேளையில்லாமல் இந்தக் கரையோரப் புழுக்கத்தில் நிற்கிற உடம்பைப் பற்றி அந்த அறையில் ஒருவராவது பேசினாரா? 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 12 மணி நேர மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எழுந்தபின், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. இரண்டு அரசுகளுக்கும் நடுவே நெஞ்சில் ஈர வித்தியாசம் எதுவும் இல்லை, எழுந்த குரலில்தான் வித்தியாசம். 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தரவேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் வேலையிடத்தின் காற்றோட்டம், வெப்பம், ஈரப்பதம், குடிநீர் எல்லாவற்றுக்கும் முதலாளியே பொறுப்பு. பெயர் மாறியதால் பொறுப்பு கரைந்துவிட்டது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பகலோடு முடிகிற விஷயமும் அல்ல இது. தடாவிலும் சூளூர்ப்பேட்டையிலும் வரதையபாளையத்திலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று படுக்கிறோம். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். பகலெல்லாம் கூரை வாங்கின சூட்டை இரவெல்லாம் நம் மேல் கொட்டுகிறது. இரவில் தணியாத உடம்பு, காலையில் பாதிக் களைப்போடுதான் பஸ் ஏறுகிறது. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நாம் கேட்பது அதிகமல்ல. கடும் வேலைக்கு மணிக்கொரு ஓய்வு வேண்டும். கோடையில் அதற்குத் தக்கபடி டார்கெட் குறைய வேண்டும், கூலி குறையக் கூடாது. இந்தக் கடைசி வார்த்தைகளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்ளத் தயாராக வருவார்கள், ஏமாந்துவிட வேண்டாம். புது ஆளையும் லீவு முடிந்து வந்தவனையும் படிப்படியாக ஏற்ற வேண்டும். கையெட்டும் தூரத்தில் குடிநீரும் கேள்வி கேட்காத கக்கூசும் வேண்டும். கூட்டளவைக் காட்டும் கருவி எல்லோர் கண்ணிலும் படும்படி ஷெட்டில் இருக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆளுக்கும் நிரந்தர ஆளுக்கும் இதில் வித்தியாசம் கூடாது. "பீகார்க்காரன் நிக்கிறான் பாரு, ஒடிசாக்காரன் பேசாம தூக்குறான் பாரு" என்று தூண்டிவிடுவார்கள். அவனும் நம்மைப் போலத்தான் நிற்கிறான், நம்மைப் போலத்தான் விழுகிறான். நம் பையன் மேல் தண்ணீர் ஊற்றியவன் யார் என்பதை மறக்க வேண்டாம். தெலுங்குத் தோழர்களையும் சேர்த்துக்கொண்டுதான் கேட்கப் போகிறோம்.

கேட்டது கிடைக்கிற வரைக்கும் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டுமே! இருவர் இருவராக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவன் பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, வெறித்துப் பார்த்தாலோ அது குடியல்ல, சோம்பலும் அல்ல. வேர்வை வழிந்துகொண்டிருந்தாலும் ஆபத்துத்தான். உடனே நிழலுக்கு இழுத்து, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வருகிறவரை குளிரவைப்பதை நிறுத்தாதீர்கள். ஆட்டோவில் போட்டு அனுப்பிவிட்டுக் கைதட்டிக்கொள்கிற சூபர்வைசரைத் தடுத்து நிறுத்துங்கள். முதல் அரைமணியில் உடம்பு குளிர்ந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயன்.

இந்த மாதத்திலிருந்து ஒவ்வோர் அறையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யார் மயங்கினார், எந்தத் தேதி, எந்த ஷிப்டு, வேலைக்கு வந்து எத்தனையாம் நாள், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார், எழுந்த பிறகு வேலை இருந்ததா என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கத்திரி முடிந்ததும் அந்த நோட்டுகளை எல்லாம் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். தொழிலாளர் இலாகா அதிகாரியின் மேஜைமேல் அவற்றை அடுக்கி வைத்துவிட்டுத்தான் பேச உட்காருவோம்.